எலியின் பெயரும் மாட்டின் பங்கும்: ஜொகூர்த் தோட்டத் தமிழர் வரலாற்றில் லெப்டோஸ்பைரா காய்ச்சல்

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்ட வரலாற்றை எழுதியோர் எவரும் நோயைக் குறிப்பிடாமல் விட்டதில்லை. ஆயினும் அவ்வரலாறுகளில் நோய் என்றால் பெரும்பாலும் மலேரியாவே. அதனை அடுத்துக் கொக்கிப்புழு, வயிற்றுப்போக்கு, சில இடங்களில் பெரிபெரி ஆகியவை வரும். இவற்றுக்கு அப்பால் 'காய்ச்சல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கப்பட்ட மரணங்கள் ஏராளம். அச்சொல்லுக்குள் என்ன இருந்தது என்ற வினாவை நம் ஆய்வுலகம் போதிய அளவு எழுப்பவில்லை என்றே நாம் கருதுகிறோம். அச்சொல்லுள் மறைந்திருக்கக்கூடிய நோய்களுள் ஒன்றை, அதாவது விலங்கின் சிறுநீர்வழி மனிதரை வந்தடையும் லெப்டோஸ்பைரா காய்ச்சலை, ஜொகூர் மாநிலத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை நோக்குகிறது. மருத்துவம் நமது துறையன்று. மருத்துவர் எழுதியவற்றை வரலாற்று மாணவர் என்ற நிலையில் நின்றே படிக்கிறோம்.

பெயர் மறைப்பது

இந்நோயைத் தமிழில் எலிக்காய்ச்சல் என்கிறோம். மலாய்மொழியில் இதற்கு வழங்கும் 'கென்சிங் திகுஸ்' என்ற பெயரும் எலியின் சிறுநீர் என்றே பொருள்படும். இரண்டு பெயர்களும் பொய்யல்ல. ஆனால் பாதி உண்மையை மட்டுமே சொல்கின்றன. இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியா சுருள்வடிவானது. அது விலங்கின் சிறுநீரக நுண்குழல்களில் தங்கி, அவ்விலங்குக்குப் பெரிதும் தீங்கு செய்யாமலேயே நெடுநாள் வாழவல்லது. சிறுநீரோடு வெளியேறி, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் சேற்றிலும் நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கிலும், உயிரோடிருக்கும். மனிதரின் தோலில் உள்ள கீறல் வழியாகவும் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவும் உட்புகும். எலி, மாடு, எருமை, பன்றி, ஆடு, நாய் ஆகிய யாவும் இதனைச் சுமக்கும். வகை வகையாகப் பிரிந்திருக்கும் இப்பாக்டீரியாவில், ஒவ்வொரு வகையும் தனக்கென ஒரு விலங்கைத் தேர்ந்துகொண்டது போல் காணப்படும். எலியோடு ஒட்டியது ஒரு வகை. மாட்டோடு ஒட்டியது வேறொரு வகை.

காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண்சிவப்பு ஆகியவை தொடக்க அறிகுறிகள். பலருக்கு இவ்வளவோடு நின்றுவிடும். சிலருக்குக் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் குருதிக்கசிவும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகும். தொடக்க நிலையில் இதனை மலேரியாவிலிருந்தோ டிங்கியிலிருந்தோ கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது அரிது. இவ்வொரு செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதி இதன்மீதே நிற்கிறது.

கண்டறிந்த வரலாறு

1886ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் அடோல்ஃப் வைல் என்னும் மருத்துவர், காமாலையும் சிறுநீரக அழற்சியும் சேர்ந்து வரும் ஒரு காய்ச்சலை விவரித்து எழுதினார். காரணம் தெரியாமலேயே அது வைல் நோய் எனப் பெயர் பெற்றது. 1907இல் ஆர்தர் ஸ்டிம்சன் என்ற அமெரிக்கர், மஞ்சள் காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் திசுவில் நுனி வளைந்த சுருளுயிர்களைக் கண்டார். கேள்விக்குறி போன்ற வடிவத்தை ஒட்டி அவற்றுக்கு 'இன்டெரோகன்ஸ்' என்று பெயரிட்டார். அவர் கண்டது என்ன என்பதைப் பல ஆண்டுகள் எவரும் உணரவில்லை. கேள்விக்குறியாகவே கிடந்த அந்தப் பெயர் இன்றும் அவ்வுயிரியின் அறிவியற்பெயரில் நிலைத்துள்ளது.

விடை நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தது. ஜப்பானின் கியூஷு தீவில் நீர் தேங்கிய சுரங்கங்களில் உழைத்த தொழிலாளரிடையே காமாலையோடு கூடிய காய்ச்சல் பரவியிருந்தது. இனாடா ரியோகிச்சியும் அவர்தம் உடனாய்வாளர் இடோவும் நோயாளியின் குருதியைச் சீமைப்பெருச்சாளிகளுக்குச் செலுத்தி 1915இல் நோய்க்காரணியை நிறுவினர். ஏறத்தாழ அதே வேளையில், முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் இருந்த படைவீரரிடையே ஜெர்மானிய ஆய்வாளரும் அதனைக் கண்டனர். எலி அதனைச் சுமக்கிறது என்பதையும் ஜப்பானியர் விரைவிலேயே காட்டினர். 'லெப்டோஸ்பைரா' என்ற பேரினப்பெயர் 1917இல் நொகுச்சி ஹிதேயோ இட்டது.

சுரங்கத்திலும் பதுங்குகுழியிலும் எலி இருந்தது, மாடு இல்லை. நோயின் பெயரும் நோய் பற்றிய எண்ணமும் எலியை மையமிட்டு அமைந்தமைக்கு இது ஒரு முதன்மையான காரணம் எனலாம். மாட்டின் பங்கு வெளிப்பட மேலும் இருபதாண்டுகள் ஆயின. 1935இல் சோவியத் ஒன்றியத்தில் கன்றுகளின் நோயொன்றில் இப்பாக்டீரியா கண்டறியப்பட்டது. 1940களில் சுவிட்சர்லாந்தில் பன்றி வளர்ப்போரை வாட்டிவந்த ஒரு காய்ச்சலும் இவ்வினத்தைச் சார்ந்ததே என்று தெளிவாயிற்று. மாட்டோடு ஒட்டிய வகையின் வரலாறோ நமக்கு அண்மையில் நிகழ்ந்தது. 1938இல் இந்தோனேசியாவில் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அது, 'ஹார்ஜோ' எனச் சாவகப் பெயரொன்றின் சுருக்கத்தாலேயே உலகெங்கும் வழங்குகிறது. அது மாட்டுக்கு உரியது என்பது 1960இல் அமெரிக்காவின் லூசியானாவில் மாட்டிலிருந்து எடுக்கப்பட்ட பின்னரே அறியப்பட்டது. இடையே சென்ற இருபத்திரண்டு ஆண்டுகளில் அது மனிதனிடம் கண்ட நோயாக மட்டுமே ஏட்டில் இருந்தது.

மலாயாவில் காய்ச்சல்களைப் பிரித்தறிதல்

கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக்கழகம், நிலநடுக்கோட்டு நாடுகளின் நோயாய்வில் பெரும்பெயர் பெற்றது. பெரிபெரி ஆய்வால் அறியப்பட்ட வில்லியம் ஃபிளெட்சர், 1920களில் மலாயாவின் 'பெயரிடப்படாத' காய்ச்சல்களைப் பிரித்தறியும் பணியில் ஈடுபட்டார். நகரத்து டைஃபஸ் ஒன்று, நாட்டுப்புறத்தில் செடிபுதர் சார்ந்த டைஃபஸ் மற்றொன்று என இருவகை இருப்பதை அவரும் அவர் குழுவினரும் பிரித்துக் காட்டினர். பின்னது செம்பனைத் தோட்டங்களில் மிகுந்து காணப்பட்டது. லெப்டோஸ்பைரா காய்ச்சல் மலாயாவில் உண்டு என்பதையும் நிறுவி, இம்மூன்றையும் சேர்த்து 1928இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். ஆக, 1928க்குப் பிறகு இந்நோய் இங்கு இல்லை என்று எவரும் சொல்லியிருக்க இயலாது.

சொல்லவில்லைதான், ஆனால் தேடவும் இல்லை. மலேரியாக் கிருமியைக் காண ஒரு துளிக் குருதியும் சாயமும் நுண்ணோக்கியும் போதும். லெப்டோஸ்பைரா சாதாரணச் சாயத்தை ஏற்பதில்லை. இருட்புல நுண்ணோக்கி, சிறப்பு வளர்ப்பூடகம், சோதனை விலங்கு, குருதிநீர்ச் சோதனை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் பெரும்பாலும் ஒரு டிரசர். அவர் கையில் இருந்தது கொய்னா. ஒரு மருத்துவர் பல தோட்டங்களைச் சுற்றி வருவார். காய்ச்சல் கண்ட தொழிலாளிக்குக் கொய்னா கொடுப்பதும், அவர் தேறினால் மலேரியா என்பதும், தேறாவிட்டால் கடும் மலேரியா என்பதும் நடைமுறையாக இருந்திருப்பதில் வியப்பில்லை. மேலும் அக்கால மரணங்களுள் பெரும்பகுதி மருத்துவச் சான்றின்றிக் காவல் நிலையத்தில் உறவினர் வாய்மொழியாகச் சொன்ன காரணத்தைக் கொண்டே பதியப்பட்டது. 'வகைப்படுத்தப்படாத காய்ச்சல்' என்ற பிரிவு அரசாங்க அறிக்கைகளில் தடித்துக் கிடப்பது இதனால்தான்.

தோட்டத்து மக்களின் நோயறிவும் இவ்விடத்தில் கருதத்தக்கது. காய்ச்சலோடு கண் மஞ்சளித்தால் அது மஞ்சள்காமாலை. காமாலைக்குக் கீழாநெல்லி உண்டு, பத்தியம் உண்டு, மந்திரிப்போரும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாக அது கருதப்படவில்லை. எனவே, இந்நோயின் மிகத் தெளிவான அறிகுறியோடு இருந்தவர்களே ஆஸ்பத்திரிப் பதிவேட்டுக்குள் வராமல் போயிருக்கக்கூடும். இது நமது ஊகமே. எனினும் ஆவணத்தின் மௌனத்தை நோயின் இன்மையாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதனைச் சுட்டுகிறோம்.

ஜொகூர்த் தோட்டங்களில் மாடு

ஜொகூர், ஐக்கிய மலாய் மாநிலங்களில் சேராமல் தனித்து நின்றது. 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்றது. கிம்மாஸ் முதல் ஜொகூர்பாரு வரையிலான இருப்புப்பாதை 1909இல் திறக்கப்பட்டதை அடுத்து சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் எனப் பாதையோரக் காடுகள் கித்தாத் தோட்டங்களாயின. 1920களில் குளுவாங் வட்டாரத்தில் செம்பனையும் வந்தது. கங்காணிமுறையில் வந்த தமிழர் லயங்களில் குடியேறினர்.

அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் மாடு வந்தது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பல இன மாடுகள் கலந்து உருவான ஒரு கறவையினம் மலேசியக் கால்நடை நூல்களில் 'உள்நாட்டு இந்தியக் கறவை மாடு' என்றே வழங்குகிறது. மலாய்க் கிராமங்களின் கெடா-கிளந்தான் மாடு வேறு. திமில் உயர்ந்த இது வேறு. ஒரு புலம்பெயர் சமூகம் தன் பெயரைத் தான் வளர்த்த விலங்குக்கும் ஈந்திருப்பது கவனிக்கத்தக்கது. குளுவாங்கில் அமைந்த அரசாங்கக் கால்நடை ஆய்வு நிலையத்தில், பின்னாளில் இவ்வினத்தை ஃபிரீசியனோடு கலந்து பால்வளத்தைப் பெருக்கும் முயற்சிகள் நடந்தன. மாடுகளைப் பற்றிய கணக்கும் குறிப்பும் குளுவாங்கில் சேர்ந்தன. அம்மாடுகளைக் கட்டி வளர்த்தவர்களைப் பற்றிய குறிப்பு அங்குச் சேரவில்லை. சேர வேண்டிய இடமும் அதுவன்று.

ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் காய்கறிப் பயிருக்கோ மேய்ச்சலுக்கோ ஒதுக்கப்பட வேண்டும் என்றது. மேய்ச்சலுக்கு அவ்வளவு நிலம் எம்மட்டு என்பது ஒருபுறம் இருக்க, மாடு வளர்ப்பது சட்டம் எதிர்பார்த்த ஒன்றாகவே இருந்தது என்பது இதனால் விளங்கும். நிர்வாகத்துக்கும் இது ஏற்புடையதே. மாடு வைத்திருக்கும் குடும்பம் எளிதில் வேறு தோட்டத்துக்கு ஓடிவிடாது. மாடு கித்தா மரங்களுக்கிடையே புல்லைத் தின்று களையைக் குறைக்கும். பால் விற்ற காசு, கூலி உயர்வைக் கேட்கும் குரலைச் சற்றே தணிக்கும். தொழிலாளிக்கோ மாடு ஒன்றே கையிருப்பு. மகளின் கல்யாணத்துக்கு விற்பதும், பிள்ளையின் பள்ளிச் செலவுக்குக் கறப்பதும் அதுவே. பெரட்டுக்குப் போகும் முன் இருட்டில் எழுந்து சாணம் அள்ளிக் கொட்டகையைக் கழுவியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

கொட்டகை லயத்தின் பின்புறம் இருக்கும். கழுவிய நீர் வாய்க்காலில் இறங்கும். வாய்க்கால் ஆற்றில் சேரும். அந்த ஆற்றிலேயே கீழ்ப்புறத்தில் துணி வெளுப்பதும் பிள்ளைகள் குளிப்பதும் நடக்கும். வெறுங்காலோடு பால்மரம் சீவப் போனவர்களின் காலில் அட்டைக்கடிப் புண்ணும் முட்கீறலும் இல்லாத நாள் இராது. உளி பட்ட விரலும் அப்படியே. ஜொகூரில் ஆண்டிறுதியில் பெய்யும் அடைமழை, சாணக்குழியையும் வாய்க்காலையும் முற்றத்தையும் ஒன்றாக்கிவிடும். லெப்டோஸ்பைரா பரவுவதற்கு எவையெவை வேண்டும் என்று மருத்துவ நூல்கள் வரிசைப்படுத்துகின்றனவோ, அவை யாவும் இங்கே ஒரே முற்றத்தில் கூடியிருந்தன. எலியும் இருந்தது, அரிசி மூட்டை இருக்கும் இடத்தில் எலி இல்லாதிருக்குமா? செம்பனைத் தோட்டத்தில் விழுந்த பழத்தைத் தின்று எலி பெருகியது. எலியால் எவ்வளவு, மாட்டால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லக்கூடிய சான்று நம்மிடம் இல்லை. ஆனால் வினாவை எழுப்பும்போதே எலி என்று விடையையும் சேர்த்துச் சொல்லிவிடும் பெயரை வைத்துக்கொண்டு ஆராய்வது எப்படி?

யாருடைய குருதி சோதிக்கப்பட்டது

1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜொகூர் அதன் கொடும் களங்களுள் ஒன்று. காட்டுப்போர்ப் பயிற்சிப் பள்ளி ஜொகூரிலேயே இயங்கியது. காட்டில் நடந்த படைவீரர்கள் காய்ச்சலில் வீழ்ந்தபோது, அக்காய்ச்சல்களுள் குறிப்பிடத்தக்க ஒரு பகுதி லெப்டோஸ்பைரா என்று தெரிந்தது. கோலாலம்பூர் ஆய்வுக்கழகமும் அங்கே இயங்கிய அமெரிக்கப் படை மருத்துவ ஆய்வுப் பிரிவும் 1950களில் செய்த ஆய்வுகள் இத்துறையில் இன்றளவும் எடுத்தாளப்படுகின்றன. நோயாளிகளிடமிருந்து நூற்றுக்கு மேற்பட்ட கிருமி மாதிரிகள் பிரித்தெடுக்கப்பட்டன. பிரிட்டிஷ் படை மருத்துவர்கள் 84 நோயாளிகளுக்குப் பென்சிலின் கொடுத்துப் பெற்ற பயனை 1957இல் வெளியிட்டனர்.

அவ்வாய்வுகளில் பொதுமக்களும் இடம்பெற்றனர் என்பதை நேர்மையாகக் கூறவேண்டும். எனினும் ஆய்வுக்கு உந்துதல் படையின் தேவையே. படைவீரர் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் ஆய்வகம் வரை அவருடைய குருதி செல்லும். அதே ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர்கள் முள்வேலிக்குள் ஒருங்கு குடியமர்த்தப்பட்டனர். நெருக்கிக் கட்டிய லயங்கள், மாலையில் அடைக்கப்படும் வாயிற்கதவு, வேலிக்குள் கட்டிய ஆடுமாடு ஆகியவை அவர்தம் வாழ்வாயின. அவர்களுடைய காய்ச்சலைப் பற்றி அத்தகைய செறிவான ஆவணம் நமக்குக் கிடைப்பதில்லை. பின்வந்த பத்தாண்டுகளில் நடந்த குருதிநீர் ஆய்வுகள் கித்தா, செம்பனைத் தோட்டத் தொழிலாளரை இந்நோய்க்கு மிகுதியாக ஆட்படுவோர் வரிசையில் வைத்தன. ஒருவர் உடலில் நோயெதிர்ப்பொருள் இருந்தால், அவர் எப்போதோ அந்நோய்க்கு ஆளாகிப் பிழைத்தவர் என்பது பொருள். பிழைக்காதவரைக் குருதிநீர்ச் சோதனை எண்ணாது.

மாடு ஏட்டில் ஏறியது

மலேசியாவில் கால்நடைகளின் பங்கை முறையாக ஆராய்ந்தவர்கள் செர்டாங்கில் இருந்த கால்நடை மருத்துவ அறிஞர்கள். 1997க்குப் பின் புத்ரா பல்கலைக்கழகம் எனப் பெயர்மாறிய அன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பகாமான் அவர்களும் உடனாய்வாளரும் 1980களில் மேற்குமலேசியாவின் வீட்டுவிலங்குகளைச் சோதித்தனர். ஆராயப்பட்ட விலங்குகளுள் இந்நோயின் தடயம் மிகுதியாகக் காணப்பட்டது மாடுகளில். ஹார்ஜோ வகைக்கு மாடே முதன்மை உறைவிடம் என்பதையும் அவர்கள் நிறுவினர். ஃபிளெட்சரின் கட்டுரைக்கும் இம்முடிவுக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். தோட்டத்தில் தமிழரின் மாடு வளர்ப்பு உச்சத்திலிருந்த காலம் இந்த அறுபதாண்டுகளுள் அடங்கிவிடுகிறது.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைப் பெருவெள்ளம் இருமுறை தாக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. கோத்தா திங்கி நகரம் நீருள் மூழ்கியது. வெள்ளத்தைத் தொடர்ந்து லெப்டோஸ்பைரா காய்ச்சலும் அதனால் உயிரிழப்பும் பதிவாயின. நாடு முழுமைக்கும் 2004இல் 263ஆக இருந்த நோயாளர் எண்ணிக்கை 2009இல் 1,418 ஆயிற்று. 2010 டிசம்பரில் இது கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எண்ணிக்கை உயர்ந்ததற்கு நோய் பெருகியது ஒரு காரணமாகலாம்; மருத்துவர்கள் தேடத் தொடங்கியது மற்றொரு காரணம். தேடாத ஆண்டுகளின் எண்ணிக்கையை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே வரலாற்று மாணவர்க்கு உரிய சிக்கல்.

இங்கே சற்று இடக்கான ஒரு செய்தியையும் தொடவேண்டியுள்ளது. நம் வழக்கில் சாணமும் கோமியமும் தூய்மை செய்யும் பொருள்கள். வாசல் தெளிப்பதும் புதுமனையில் கோமியம் தெளிப்பதும் சடங்காக நிலைத்தவை. மாட்டுப்பொங்கலன்று தோட்டத்துக் கொட்டகையில் நிகழ்ந்த வழிபாட்டை மலேசியத் தமிழ்ப் படைப்பாளர் பலர் உருக்கமாகப் பதிவு செய்துள்ளனர். நோய்க்கிருமி தங்குவதோ அதே விலங்கின் சிறுநீரில். இதைச் சொன்னால் பண்பாட்டைப் பழிப்பதாகச் சிலர் கொள்வர். அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. மாடும் மனிதரும் ஒரே முற்றத்தில் வாழ நேர்ந்தது சடங்கினாலன்று. கொட்டகைக்கெனத் தனி இடமும் வடிகாலும் காலணியும் கிடைக்காத கூலிவாழ்க்கையினால். ஆயினும் வகுப்பறையில் கோமியத்தின் மருத்துவப்பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தும் பாடக்குறிப்புகளைக் காணும்போது நமக்குக் கவலை எழுகிறது.

1980கள் தொடங்கி ஜொகூரின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களை விட்டு நீங்கிய குடும்பங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மாட்டைக் கொண்டுபோக இயலாது. சிலர் வந்த விலைக்கு விற்றனர். சிலர் சாலையோரத்திலும் மின்கம்பித் தடத்தின் கீழும் கொட்டகை போட்டுத் தொடர்ந்தனர், நகராட்சியோடு வழக்காடினர். மறுபுறம், செம்பனைத் தோட்டத்தில் களையைக் கட்டுப்படுத்த மாடு வளர்ப்பது அரசாங்கம் ஊக்குவிக்கும் திட்டமாகிவிட்டது. முன்பு தொழிலாளியின் கையிருப்பாக இருந்த மாடு இன்று நிறுவனத்தின் கணக்கில் மேய்கிறது. அதனை மேய்ப்பவர் பெரும்பாலும் வேறொரு நாட்டிலிருந்து வந்த வேறொரு கூலித்தொழிலாளி.

அவருக்குக் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்ந்தால், விரைவுச் சோதனை லெப்டோஸ்பைரா உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். எந்த வகை என்பதை அது சொல்லாது. நுண்ணோக்கியில் கிருமி திரள்வதைக் காணும் விரிவான சோதனைகூட வகையைத் தோராயமாகவே காட்டும். சிகிச்சைக்கு அந்த வேறுபாடு தேவையில்லை. எல்லா வகைக்கும் மருந்து ஒன்றே. ஆகவே அவருடைய நோய் எலியிடமிருந்து வந்ததா, அவர் மேய்த்த மாட்டிடமிருந்து வந்ததா என்பது இன்றைய பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை. பெயருக்குரிய கட்டத்தில் 'கென்சிங் திகுஸ்' என்றே நிரப்பப்படுகிறது.